தரை என்று ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை
ஆய்வகம், மதிய இடைவேளை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் எலியும் நலம். உங்கள் நலத்தைப் பொதுவாகக் கேட்கப் போவதில்லை. கேட்டால் தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் சேர்த்து ‘சூப்பர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். அதனால் காலைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்கிறேன். மலையடிவாரத்தில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்குமே, பிளேட் வைத்த இடம் வலிக்கிறதா? கம்பளிக் காலுறைகளை ஹெல்மெட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பெட்டியில் வேறு எங்கே வைத்தாலும் திரும்பி வரும்போதுதான் உங்கள் கண்ணில் படும். தரையில் நின்று நண்பருக்கு ஒத்தாசை செய்யப் போகிறவருக்கு ஹெல்மெட் எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்கள் நண்பர் குடை கேலி செய்வார். செய்யட்டும். பாராகிளைடரில் பறக்கும்போது கயிறு சிக்கி, அவசரக் குடையை விரித்து, ஆட்டுப்பட்டிக்குள் வந்து விழுந்து அந்தப் பெயரையே சம்பாதித்துக்கொண்டவருக்கு யாரையும் கேலி செய்ய உரிமை உண்டு. போனில் நான் எதையாவது கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்லிவிடுகிறீர்கள். எனக்கு உடனே வரும் பதில் வேண்டாம். நாலு நாள் உங்கள் சட்டைப்பையில் கிடந்து கசங்கிய பதில் வேண்டும். அதற்குத்தான் இது.

முதலில் வீட்டுச் செய்திகள். நீங்கள் கிளம்பிய மறுநாளே நம் குடியிருப்பின் லிப்ட் நின்றுவிட்டது. உங்களுடைய கம்பெனிக்கே போன் செய்தேன். இதோ ஆள் வருகிறார் என்றார்கள். வந்தவர் பார்த்துவிட்டு ஏதோ உதிரிபாகம் வர வேண்டும் என்று போனார், போனவர்தான். நாலாவது மாடி பேங்க்காரர் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும், “என்னம்மா, உங்க வீட்டுக்காரர் ஆகாயத்துல ஏறுறாராம், எங்களை நாலு மாடி ஏத்திவிட அவருக்கு நேரமில்லையா?” என்று கேட்டார். கேலிதான். ஆனால் மூச்சிரைக்கக் கேட்டதால் என்னால் சரியாகச் சிரிக்க முடியவில்லை.

எலிக்குப் பரீட்சை முடியப் போகிறது. கணக்கில் நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். நான் ஆய்வகத்தில் எப்போதும்போல ஊர்த் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடை நெருங்கிவிட்டது, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தாலும் ஏதாவது ஒன்று நெளிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் எலிக்கும் அங்கே வர நீங்கள் எடுத்த பேருந்து டிக்கெட் இரண்டும் என் போனுக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு படம். புல்வெளி முழுக்கப் பரப்பிவைத்த பெரிய துணி, சிவப்பும் மஞ்சளும். நீங்கள் இறக்கை என்பீர்கள், துணி என்றால் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். இரண்டு பேர் சேர்ந்து பறக்கிற துணி. படத்துக்குக் கீழே ‘எலியும் நானும்’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் திரும்பப் பறக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதை அந்தப் படத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். போன சில நாட்களிலேயே ‘காற்று அருமையாக இருக்கிறது’ என்று செய்தி அனுப்பினீர்களே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. தரையில் நிற்கிறவருக்குக் காற்று எப்படி இருந்தால் என்ன?

எலியிடம் படத்தைக் காட்டினேன். “சரி, போலாம்” என்றாள். அப்படியே திரும்பிப் புத்தகத்தைப் பார்த்தாள். பதினாலு வயதுப் பெண் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சம்மதிக்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிற வீடு இது. இவ்வளவு சீக்கிரம் வந்த சரி எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளை உங்களோடு ஏற்றுவதா வேண்டாமா என்பது என் ஒரு தலையாட்டலில் நிற்கிறது என்றும் தெரிகிறது. தலை ஆட மாட்டேன் என்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து நாம் போன விடுமுறைகளை நேற்று எண்ணிப் பார்த்தேன். மற்றவர்கள் ஊரைப் பார்க்கப் போவார்கள், நாம் காற்றைப் பார்க்கப் போவோம். காரின் பின்னிருக்கையில் உங்கள் மூட்டைக்கு முதல் இடம், மிச்சத்தில் குழந்தை. அவள் அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டே வளர்ந்தாள். கடல் பார்க்க வேண்டும் என்று நான் ஒருமுறை அழாத குறையாகச் சொன்னதற்கு, தேடித் தேடி, பின்னாலேயே குன்று இருக்கிற ஒரு கடலைக் கண்டுபிடித்தீர்கள். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நீங்கள் இறங்கியதும் எலி ஓடிப்போய்த் துணியில் பைபோலத் தைத்திருக்கும் அறைகளுக்குள் புகுந்துகொள்வாள். அப்படித்தானே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது? இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். வீட்டில் இல்லாத முகம் அது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கால் தரையைத் தொட்டதும் ஒரு சொல் அனுப்புங்கள் என்றேன். ‘தரை’. அது வரும்வரை நான் உட்கார மாட்டேன். போனைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு, துணி மடிப்பேன், ஜன்னலைத் துடைப்பேன், நின்றுகொண்டேதான் இருப்பேன். வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வேன். எத்தனையோ வருடம் அந்த ஒரு சொல்லின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாளைப் பற்றி நாம் ஒருமுறைகூட முழுதாகப் பேசியதில்லை. உங்கள் பக்கத்தைக் குடை எல்லோருக்கும் சொல்லிவிட்டார்: மலைக்குப் பின்னால் காற்று புரண்டது, துணி மடங்கியது, மரத்தில் மாட்டித் தொங்கினீர்கள், வாக்கிடாக்கி கீழே விழுந்து உடைந்தது. என் பக்கம் சின்னது. காலையில் ஓட்டல் அறையில் நின்றுகொண்டிருந்தேன். ‘தரை’ வந்தது. எலியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். படகில் ஏறினோம். அவள் தண்ணீரை அள்ளி என்மேல் இறைத்தாள், நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்துப் படகுக்காரர் எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். நடுவில் குடை போன் செய்து, “அண்ணி, அவர் இறங்கிட்டாரா? கண்ணுல படலையே” என்றார். “அப்பவே இறங்கிட்டாரே, மெசேஜ் வந்துடுச்சு” என்றேன். “அப்ப சரி, அந்தப் பக்கமா இறங்கிட்டு யார் வண்டியிலயாவது வந்துட்டிருப்பாரு” என்று அவர்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள். நீங்கள் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தீர்கள். விறகு பொறுக்கப் போன யாரோ மரத்தில் துணியைப் பார்த்துச் சொன்னபோது சாயங்காலம்.

மருத்துவமனையில் குடை வெகுளியாகக் கேட்டாரே, “அண்ணி, அங்க கீழ இறங்குற இடத்துல சிக்னலே கிடையாதே, மெசேஜ் எப்படி வந்துச்சு?” என்று. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடி, “நீ காத்திருக்க வேணாம்னுதான்” என்றீர்கள். கையுறை போடுவதற்கு முன்னால், மலை உச்சியிலேயே அனுப்பிவிடுவீர்களாம். கீழே இறங்கி, ஜீப்பில் சாலைக்கு வந்து, சிக்னல் பிடித்து அனுப்புவதற்குள் நான் பயந்து செத்துவிடுவேனாம். ஒருமுறை அப்படித் தாமதமாகி நான் ஊரையே கூட்டிவிட்டேன் இல்லையா, அதற்கப்புறம் இந்த ஏற்பாடு. எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை. நான் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் உண்மையில் அப்போதுதான் பறப்பதற்காக உச்சியில் ஓட ஆரம்பித்திருந்தீர்கள்.

ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நிறுத்துகிறேன். டிக்கெட்டைப் பற்றி யோசித்து எழுதுகிறேன், நீங்களும் யோசியுங்கள். அங்கே நல்ல காற்று வீசட்டும் என்று வாழ்த்துவதா, வீசாமல் இருக்கட்டும் என்று வாழ்த்துவதா தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வாழ்த்து இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எலியின் அம்மா


வெள்ளிக்கிழமை
வீடு

அன்புள்ள உங்களுக்கு,

திங்கட்கிழமை கடிதம் கிடைத்ததும் நீங்கள் போனில் கூப்பிட்டது சந்தோஷம். நான் எழுதியதை நாலு நாள் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். பிரித்த கையோடு கூப்பிட்டுவிட்டீர்கள். “இனிமே இறங்கின அப்புறம்தான் அனுப்புவேன், சத்தியமா. இறங்குற இடத்துக்குப் பக்கத்துலயே இப்ப டவர் வந்துடுச்சு” என்றீர்கள். சரி என்றேன். “அவ ஆசைப்படுறா, நீ ஏன் குறுக்க நிக்கிற?” என்றும் கேட்டீர்கள். அதற்குப் பதில் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

புதன்கிழமை ஆய்வகத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் கைவிரித்துவிட்டது. இருட்டில் தண்ணீரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எங்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படியேறி வந்து, கதவைத் திறந்து, முகம் கழுவி, சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. (வாஷர் மாற்ற வேண்டும்.)

அப்போது போன் அதிர்ந்தது. எலியிடமிருந்து செய்தி. ‘வீட்டுக்கு வந்துட்டேன்மா. பால் குடிச்சிட்டேன்.’

நான் எழுந்து எல்லா அறையையும் பார்த்தேன். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் செருப்பு இல்லை, பை இல்லை. பிரிட்ஜைத் திறந்தால் பால் காலையில் காய்ச்சி வைத்தபடியே ஆடை கலையாமல் இருந்தது.

பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘சரிம்மா’ என்று எழுதினேன். அப்புறம் போனைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு நின்றேன். என்னை அறியாமல்தான். துணி மடித்தேன். ஜன்னலைத் துடைத்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு கதவில் சாவி திரும்பியது. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள். “என்னம்மா, சீக்கிரம் வந்துட்டே?” என்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸ், பஸ் லேட், தோழியின் சைக்கிள் என்று கோர்வையாக வந்தது. நான் “பால் குடிச்சியா?” என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், முகம் உடைந்துவிட்டது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கொஞ்ச நாளாக என்றாள். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் செய்தியை அனுப்பிவிட்டு, வெளியே போய்விட்டு, நான் வருவதற்குள் வந்துவிடுவாளாம். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

“நீ கவலைப்படக் கூடாதுன்னுதான்மா.”

சுவரைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

எங்கே போனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? நான் பயந்ததுபோல எதுவும் இல்லை, நீங்கள் பயப்பட வேண்டாம். மார்க்கெட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்களே, அதன் மொட்டைமாடிக்குப் போகிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். முதல் நாள் சுவருக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லையாம். தள்ளி நின்று பார்த்ததற்கே வாந்தி வந்துவிட்டதாம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில். இப்போது சுவரைத் தொட்டு, கண்ணைத் திறந்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே நிற்கிறாளாம். கீழே கார்கள் சின்னதாகத் தெரியும்போது கால் இரண்டும் தன்னுடையதே இல்லை என்பதுபோல ஆகிவிடும் என்றாள்.

உங்கள் மகளுக்கு உயரம் என்றால் பயம். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் உங்களைக் கீழே கொண்டுவந்த பாதையை அண்ணாந்து பார்த்தாளே, அன்றிலிருந்து. நம் பால்கனியில் அவள் ஏன் துணி காயப்போட வருவதில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், சோம்பேறி என்று.

அங்கே ஒரு காவலாளி இருக்கிறாராம். தினமும் தனியாக வந்து கீழே எட்டிப் பார்க்கிற பெண்ணை அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து, “என்ன பாப்பா, வீட்ல எதாவது பிரச்சினையா? பரீட்சையில போயிடுச்சா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்” என்று கெஞ்சியிருக்கிறார். இவள், “ஒண்ணுமில்ல அங்கிள், பறக்கப் பழகறேன்” என்றிருக்கிறாள். அந்த மனிதர் அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கீழே அனுப்பி, தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவள் பையை வாங்கி நாற்காலியில் மாட்டினேன்.

பயமாக இருந்தால் ஏன் சரி என்று சொன்னாய் என்று கேட்டேன். “நான் வரலன்னா, அப்பாவை நம்பலன்னு நினைச்சுப்பாரும்மா. காலுக்கு இப்படி ஆனதால நம்பலன்னு. ஆபீஸ்லயும் அவரை லிப்ட் வேலைக்கு மேல ஏற விடறதில்ல” என்றாள். அப்புறம், “அதுக்குள்ள நான் சரியாயிடுவேன், நீ அப்பாகிட்ட சொல்லிடாதே” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பாலைச் சூடாக்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி முடித்துவிட்டேன். அனுப்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவளே உங்களிடம் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் சொல்லிவிட்டால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. காலை நனைத்துக்கொண்டு ஈரப் புல்லில் நிற்காதீர்கள்.

எலியின் அம்மா


ஞாயிற்றுக்கிழமை, காலை
வீடு

அன்புள்ள எலியின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமைக் கடிதத்தை அனுப்பவில்லை. இதே உறையில் அதையும் சேர்த்து வைக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நேற்று அவள் உங்களிடம் பேசினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் தலையாட்டிவிட்டுத்தான் போனை எடுத்தாள். நான் அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். “ரெடிப்பா! ஷூவெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னது கேட்டது. நீங்கள் அந்தப் பக்கம் ஏதோ கேலி செய்திருக்கிறீர்கள், “போங்கப்பா!” என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. “அப்பா குரல் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா” என்று அவளாகவே சொன்னாள்.

அதனால் நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எழுதப் போகிறேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை, என்னோடு பேசவில்லை. இன்று காலை எழுந்து வந்து, “அப்பா என்ன சொல்வாரு?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

உங்களைப் பறக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் உங்களைப் புகார் மேசைக்கு மாற்றிய பிறகு ஒருநாள் நீங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? ஜன்னல் இல்லாத அந்த மூலையில், இரண்டு போன்களுக்கு நடுவில், காலை நீட்டவும் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். மற்றவர்கள் கருவிப்பையோடு வெளியே போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் கண் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. உங்களை மேலே போகாதே என்று சொல்வதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு மேசை இருக்கிறது, நானும் இன்னொரு மேசையாக வேண்டாம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பெண் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு போனில் அழுதாள். அந்தக் குரல் நான் நின்ற இடம்வரை கேட்டது. நீங்கள் ரொம்ப அன்பாக, “பயப்படாதீங்கம்மா, ஆள் கிளம்பிட்டான், பக்கத்துல வந்துட்டான்” என்றீர்கள். அந்த ஆள் உங்கள் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நீங்கள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாலேயே அவனை விரட்டினீர்கள். அவன் போன பிறகு என்னிடம், “உள்ள இருக்கறவங்க கத்தாம இருக்கணும்ல, அதான் முக்கியம்” என்றீர்கள். அது பொய் இல்லை, வேலையில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். இருக்கலாம். அந்தப் பெண் அழுகையை நிறுத்தியதும் உண்மைதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு, இருட்டில், கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறவளை. அவளுக்கு நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும். இன்னும் ஒருமணி நேரம் ஆகும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவள் ஒரு மூச்சு அழுதிருப்பாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காத்திருந்திருப்பாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள்.

மலையடிவாரத்து டிக்கெட் இரண்டையும் ரத்து செய்துவிட்டேன். விடுமுறைக்கு நானும் எலியும் கடலுக்குப் போகிறோம். விசாரித்துவிட்டேன், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை குன்று, மேடு எதுவும் கிடையாதாம். மணலும் தண்ணீரும் மட்டும். அறையில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. நீங்கள் வந்தால் மூட்டையைக் குடையிடம் விட்டுவிட்டு வாருங்கள். வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்லுங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க வேண்டாம். அவளிடம் முக்கியமாக அது வேண்டாம்.

நீங்களே அவளைக் கூப்பிட்டு, உனக்குப் பயமாக இருந்தால் எனக்குக் கஷ்டமில்லை என்று சொல்லுங்கள். கஷ்டமாக இருந்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். நம் வீட்டில் ஒருவருக்கொருவர் கவலை வராமல் பார்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே, யார் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. வெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘வந்துட்டேன்’ என்று படித்தேனே, அது போதும் எனக்கு.

நான் கேட்பது பழைய அதே ஒன்றுதான். இறங்குங்கள். துணியைச் சுருட்டுங்கள். நடந்தோ ஜீப்பிலோ சிக்னல் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் ஆகட்டும், அரைநாள் ஆகட்டும். அப்புறம் அனுப்புங்கள். நான் பயப்படுவேன், நின்றுகொண்டே இருப்பேன், குடைக்குப் பத்து தடவை போன் செய்து அவர் உயிரை வாங்குவேன். அது என் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். என்னைக் காத்திருக்க விடுங்கள்.

உறையை ஒட்டுவதற்காக எலி பசையோடு பக்கத்தில் நிற்கிறாள். அம்மா போதும், எவ்வளவு எழுதுவே என்கிறாள். வாஷர் மாற்றியாகிவிட்டது. லிப்ட் இன்னும் ஓடவில்லை.

இதோ, முடிக்கப் போகும்போது போன் அதிர்ந்தது. பிரிட்ஜுக்கு மேலிருந்து எலிதான் எடுத்து வந்து காட்டினாள். ‘தரை.’ அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் நீங்கள் உச்சியிலிருந்து அனுப்பியபோது வந்த அதே நேரம், அதே ஒரு சொல். இரண்டு பேரும் உட்காரவில்லை.

நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள். நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கையில் வருவதை எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எப்படியும் பழையதாகியிருக்கும், இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லபடியாக இறங்குங்கள்.

நின்றுகொண்டே,
எலியின் அம்மா